எந்தத் துறைக்கு எத்தனை கேள்வி?

வினாடி வினா நடத்துவது என்று முடிவானதும் பெரும்பாலானவர்கள் உடனே கேள்வி சேர்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பொது அறிவுப் புத்தகம், பழைய டி.என்.பி.எஸ்.சி. வினாத்தாள், பாடநூலின் புக் பேக், போனுக்கு வந்த ஜி.கே. செய்திகள் என்று இரண்டே நாளில் ஒரு நோட்டு நிறைந்துவிடும். நூறு சேர்ந்ததும் அதில் நாற்பதைப் பொறுக்கி மேடையேற்றுவார்கள். இது தலைகீழான வரிசை. துறைப் பங்கீடு முதலில், கேள்வி அதற்கு அப்புறம். ஒரு கேள்விகூட எழுதாத வெற்றுத் தாளில் எந்தத் துறைக்கு எத்தனை என்று போட்டு, விழாக் குழுவில் இன்னும் இரண்டு பேரிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே கேள்வி எழுத உட்கார வேண்டும்.

ஏனென்றால், கணக்கு இல்லாமல் எழுதினால் நோட்டு வரலாற்றின் பக்கம் சாய்ந்துவிடும். வரலாற்றுக் கேள்வி எழுதுவது அவ்வளவு எளிது. ஒரு பெயர், ஒரு ஆண்டு, ஒரு ‘யார்’ இருந்தால் போதும். இயற்பியலில் நல்ல கேள்வி ஒன்று எழுத அரை மணி நேரம் யோசிக்க வேண்டும், அதே நேரத்தில் ‘எப்போது’, ‘யார்’ என்று பத்து எழுதிவிடலாம். எழுதுபவர் தமிழாசிரியர் என்றால் சங்க இலக்கியம் வீங்கும். அறிவியல் ஆசிரியர் என்றால் இலக்கியம் ‘இந்த நூலை இயற்றியவர் யார்’ என்பதோடு நின்றுவிடும். யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அவரவருக்குத் தெரிந்தது அவரவர் கையில் வருகிறது. அதற்குத்தான் தாளில் முன்கூட்டியே கணக்கு.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே போட்டியை வைத்துப் பேசலாம். நெல்லிக்குப்பத்தில் ஒரு பள்ளி அரங்கம். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள். எழுத்துத் தேர்வில் வடிகட்டி மேடைக்கு வந்திருப்பவை ஆறு அணிகள்: நெல்லிக்குப்பம், கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை. இறுதிச் சுற்றுகளில் மொத்தம் 36 கேள்வி. போட்டி நான் உதாரணத்துக்காக அமைத்துக்கொண்டது. இதில் வரும் சிக்கல்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே எந்தப் பங்கீட்டுக்குப் பழகியிருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை, அதாவது என்.எம்.எம்.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மனத்திறனுக்கு 90 கேள்வி, படிப்பறிவுக்கு 90. அந்தப் படிப்பறிவுப் பகுதி அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20 என்று பிரிகிறது. மொழிக்கும் கலைக்கும் அதில் இடமே இல்லை. அண்ணன்மார் எழுதும் குரூப் 4 தேர்வு இதற்கு நேர் எதிர். மொத்தம் 200 கேள்வியில் தமிழுக்கே 100, பொது அறிவுக்கு 75, திறனறிவுக்கு 25. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பேர் இரண்டு தேர்வுக்குப் படித்தால் இரண்டு விதமான அறிவோடு வந்து நிற்பார்கள். பொது நூலகத்தில் குரூப் 4க்குப் படிக்கும் அக்காவிடம் நோட்ஸ் வாங்கிப் படித்த அணி அரசியலமைப்பில் வெளுத்து வாங்கும். ஒரு கர்நாடக ராகத்தின் பெயரோ ஓவியரின் பெயரோ கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்.

வெளிநாட்டுக் கணக்கு ஒன்றையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1953இல் வானொலியில் தொடங்கிய ‘காலேஜ் பவுல்’ போட்டியின் வாரிசாக இன்று கல்லூரிகளில் நடக்கும் விளையாட்டுக்குக் குவிஸ்பவுல் என்று பெயர். துறைப் பங்கீட்டைச் சட்டம் போல எழுதிவைத்து அதன்படியே நடப்பவர்கள் அவர்கள். ஏ.சி.எஃப். என்ற அமைப்பின் கணக்கில் 20 கேள்வி கொண்ட ஓர் ஆட்டத்துக்கு இலக்கியம் 4, வரலாறு 4, அறிவியல் 4, நுண்கலை 3. மீதி ஐந்தும் சமயம், தொன்மம், தத்துவம், சமூக அறிவியல், இதர படிப்பு என்று ஆளுக்கு ஒன்று. அறிவியலின் நான்கும் கண்டபடி வராது: உயிரியல், வேதியியல், இயற்பியல், மற்ற அறிவியல் என்று ஒவ்வொன்று. சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் அதில் தனி இடம் கிடையாது. 1996இல் தொடங்கிய என்.ஏ.கியூ.டி. என்ற இன்னொரு அமைப்பு அவற்றுக்கும் கொஞ்சம் இடம் தருகிறது.

இந்தியாவில் அப்படியொரு பொதுச் சட்டம் உருவாகவில்லை. 1967இல் கல்கத்தாவில் ஒரு தேவாலய அரங்கில் நீல் ஓ’பிரையன் நடத்திய போட்டியிலிருந்துதான் நம் நாட்டு வினாடி வினாவின் கதையைத் தொடங்குவது வழக்கம். அன்றிலிருந்து இங்கே பங்கீடு குவிஸ் மாஸ்டரின் ருசியைப் பொறுத்தே இருந்துவருகிறது. நல்ல ருசி உள்ளவர் நடத்தினால் போட்டி பிரமாதமாக இருக்கும். ஆனால் ருசியை அடுத்த ஆண்டு நடத்தப்போகிறவரிடம் ஒப்படைக்க முடியாது, தாளில் எழுதிய கணக்கை ஒப்படைக்கலாம்.

நெல்லிக்குப்பத்துக்கு நான் போடும் கணக்கு இது. தமிழ் மொழியும் இலக்கியமும் 7, வரலாறு 6, அறிவியல் 8, கணிதம் 3, புவியியலும் சுற்றுச்சூழலும் 4, அரசியலமைப்பும் பொருளாதாரமும் 3, இசை, நடனம், சிற்பம், ஓவியம் சேர்த்து 3, சமயமும் தத்துவமும் 2. கூட்டினால் 36. அறிவியலின் எட்டில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்குக்கும் இரண்டு இரண்டு என்று தந்துவிட முடியாது. ஒவ்வொன்று உறுதி, மீதி நான்கில் வானியல், கணினி, மருத்துவம், நிலவியல். சினிமாவையும் கிரிக்கெட்டையும் அரங்கத்துக்கு விட்டுவிடுகிறேன். அணிகள் யோசித்து முழிக்கும் நேரத்தில் பார்வையாளர்களைப் பார்த்து ஒரு பாட்டுக் கேள்வி போட்டால் தூங்குகிறவரும் எழுந்துவிடுவார், பேனாவோ சாக்லேட்டோ கொடுத்துவிட்டு மேலே போகலாம்.

இந்த எண்கள் வேதவாக்கு அல்ல. கணிதத்துக்கு மூன்றா என்று கணக்கு வாத்தியார் கோபித்துக்கொள்வார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் மேடையில் கணிதம் நேரத்தைத் தின்னும். ‘இந்த வரியை எழுதியவர் யார்’ என்பதற்குப் பத்து விநாடி போதும். ஒரு வட்டத்துக்குள் சதுரத்தின் பரப்பைக் கேட்டால் பென்சில், தாள், நாற்பது விநாடி. அதுவும் பாஸ் ஆகிப் பாஸ் ஆகிப் போனால் அரங்கமே மௌன விரதம். கேள்வியின் எண்ணிக்கையில் 3 என்று இருப்பது நேரத்தில் 12க்குச் சமம். மனக்கணக்காகவே முடியும் கேள்விகளாகத் தேடிப் போட்டால் நான்கு, ஐந்து என்று உயர்த்திக்கொள்ளலாம்.

இனி இந்த அத்தியாயத்தின் முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு கேள்வி எந்தத் துறை என்பதை அதன் மேல் ஒட்டிய தலைப்பு சொல்லாது. விடை சொல்ல எந்த அறிவு தேவைப்பட்டதோ, அதுதான் அதன் துறை.

‘செல்லைக் கண்டறிந்தவர் யார்?’ என்ற கேள்வி அறிவியல் சுற்றில் வராத போட்டியே இல்லை. ராபர்ட் ஹூக், 1665. இதைச் சொல்ல உயிரியல் எதற்கு? பெயரை மனப்பாடம் செய்த ஞாபகம் போதும். எலக்ட்ரானைக் கண்டறிந்தவர், பெனிசிலினைக் கண்டறிந்தவர், தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் எல்லாமே வரலாற்றுக் கேள்விகள், வெள்ளைக் கோட்டு மாட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். எட்டு அறிவியல் கேள்வியில் ஐந்து இப்படி அமைந்தால் அறிவியலுக்கு உண்மையில் மூன்றுதான் கொடுத்திருக்கிறீர்கள், வரலாற்றுக்குப் பதினொன்று. அதே செல்லை உயிரியலாகக் கேட்பது கடினமில்லை: வெங்காயத்தோலை அடர்த்தியான உப்புக் கரைசலில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லின் உள்பகுதி சுவரை விட்டு விலகிச் சுருங்கும், அந்த நிகழ்வின் பெயர் என்ன? பிளாஸ்மா சிதைவு. ஆய்வகத்தில் ஒருமுறையாவது கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்த பிள்ளைக்கு இது வரும்.

இலக்கியத்திலும் இதே கதைதான். நூலும் ஆசிரியரும், நூலும் ஆண்டும், விருதும் ஆண்டும் என்று ஜோடி சேர்க்கும் கேள்விகள் இலக்கியத்தைத் தொடுவதில்லை. புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், ஜெயகாந்தன் 1934இல் கடலூரில் பிறந்தார். இரண்டும் நம் பக்கத்துப் பெருமை. ஒன்றிரண்டு கேட்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு சிறுகதையின் நிகழ்வை நான்கு வரியில் சொல்லிக் கதையின் பெயரைக் கேட்டால் படித்த பிள்ளைக்கு மதிப்பெண் போகும், பட்டியல் உருப்போட்ட பிள்ளைக்குப் போகாது. ‘கடவுள் ஒருவர் சென்னைக்கு வந்து ஒரு பத்திரிகை நடத்துபவரோடு ஓட்டலில் காப்பி குடிக்கிறார்’ என்று ஆரம்பித்தால் புதுமைப்பித்தனைப் படித்தவன் பஸ்ஸரை அமுக்கியிருப்பான்.

எழுதி முடித்ததும் தலைப்புகளை மறைத்துவிட்டு, 36 விடைகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆட்பெயர் எத்தனை, ஆண்டு எத்தனை, ஊர்ப்பெயர் எத்தனை, பொருள் அல்லது கருத்து எத்தனை என்று எண்ணுங்கள். ஆட்பெயர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கேள்விகளைத் திருத்த வேண்டும். ஆண்டே விடையாக வரும் கேள்வி இரண்டுக்கு மேல் வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

கரும்பை வைத்து ஒரு பயிற்சி செய்யலாம். நெல்லிக்குப்பம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஆலைதானே. 1842இல் இங்கே தொடங்கியதை இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று ஈ.ஐ.டி. பாரி நிறுவனம் சொல்லிவருகிறது. சோம்பேறிக் கேள்வி: ‘இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை எங்கே, எப்போது?’ உள்ளூர் அணி கேள்வி முடியும் முன்னே சொல்லிவிடும். இதே கரும்பிலிருந்து எத்தனை துறைக்குக் கேள்வி எடுக்கலாம் என்று பாருங்கள்.

வேதியியல்: வெட்டிய கரும்பை நாள் கடத்தாமல் ஆலைக்கு ஏற்றத் துடிக்கிறார்கள், தாமதமானால் அதிலுள்ள சுக்ரோஸ் எந்த இரண்டு சர்க்கரைகளாக உடைந்துவிடும்? குளுக்கோஸ், ஃபிரக்டோஸ். ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் கரும்பு லாரியைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு அந்த அவசரம் ஏன் என்பது இதில் விளங்கும். தாவரவியல்: கரும்பும் நெல்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, அது எந்தக் குடும்பம்? போயேசி, புல் குடும்பம். ஒளிச்சேர்க்கையில் மட்டும் கரும்பு சி-4, நெல் சி-3. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே கொஞ்சம் இறுக்கிக் கேட்கலாம். வேளாண்மை: ‘கோக 671’ என்ற கரும்பு ரகத்தில் ‘கோ’ கோயம்புத்தூர், ‘க’ எந்த ஊர்? கடலூர். இங்குள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகம். பொருளாதாரம்: ஒன்றிய அரசு 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதப் பிழிதிறன் உள்ள கரும்புக்கு குவிண்டாலுக்கு 355 ரூபாய் நிர்ணயித்தது, இந்த விலையின் பெயர் என்ன? நியாயமான மற்றும் ஆதாய விலை, எஃப்.ஆர்.பி. விவசாயி வீட்டுப் பிள்ளை இதை அப்பா வாயில் கேட்டிருக்கும். வரலாறு: நிறுவனத்தின் பெயரில் உள்ள ஈ.ஐ.டி. என்ற மூன்று எழுத்தில் ‘டி’ எதைக் குறிக்கிறது? டிஸ்டில்லரீஸ். சர்க்கரைக்கும் சாராயத்துக்கும் என்ன உறவு என்று அரங்கத்தில் ஒருவர் கேட்பார். மொலாசஸ் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகரலாம். அறிவியலின் வரலாறு: கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த பெண் விஞ்ஞானி யார்? ஜானகி அம்மாள்.

ஆறும் கரும்பு, ஆறுக்கும் தேவைப்படும் அறிவு வேறு வேறு. பொருளை வைத்துத் துறை பிரித்தால் எல்லாம் ‘உள்ளூர்’ என்ற ஒரே பெட்டியில் விழுந்திருக்கும். ஆனால் இவற்றை ஒரே போட்டியில் ஆறையும் போட்டுவிடாதீர்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மற்றவை அடுத்த ஆண்டுக்கு.

‘முதல்’ என்று தொடங்கும் கேள்விகளைப் பற்றி ஒரு சொல். இந்தியாவின் முதல், ஆசியாவின் பெரிய, உலகின் பழைய என்று வரும் எல்லாவற்றுக்கும் போட்டியாக இன்னொரு ஊர் உரிமை கொண்டாடும், அந்த ஊர் அணியே உங்கள் மேடையில் இருக்கக்கூடும். கேட்டே தீர வேண்டும் என்றால் ‘என்று இன்ன நிறுவனம் குறிப்பிடுவது எந்த ஊரை’ என்று கேளுங்கள். நடுவருக்குத் தலைவலி மிச்சம்.

உள்ளூர்க் கேள்விகளுக்கு உச்சவரம்பு தேவை. 36இல் ஆறு போதும். அதைவிட முக்கியம், அந்த ஆறும் எந்த ஊருக்குப் போகிறது என்பது. நெல்லிக்குப்பத்தில் நடத்துகிறோம் என்று ஆலையும் தென்பெண்ணையுமாக நிரப்பினால் சிதம்பரத்துப் பிள்ளைகள் வீடு திரும்பும் பஸ்ஸில் என்ன பேசுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கடலூருக்கு 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய புனித டேவிட் கோட்டை இருக்கிறது. பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை ஊர்களைச் சேர்த்துக்கொண்டதால்தான் குண்டு உப்பலவாடி போன்ற பெயர்கள் வந்தன என்ற கதையைக் கேள்வியாக்கினால் வரலாறும் ஊர்ப்பெயரும் சேர்ந்து வரும். சிதம்பரத்துக்குக் கோபுரத்தில் செதுக்கிய 108 கரணங்கள். அது கலைத்துறைக் கணக்கில் போகும், வரலாற்றில் அல்ல. நெய்வேலிக்கு லிக்னைட்: கார்பன் அளவை வைத்து ஆந்த்ரசைட், பிட்டுமினஸ், லிக்னைட், பீட் நான்கையும் வரிசைப்படுத்தச் சொன்னால் நிலவியல். பண்ருட்டிக்குப் பலாவை வைத்துத் தாவரவியல்: பலாப்பழம் தனிக்கனியா, கூட்டுக்கனியா? பரங்கிப்பேட்டைக்கு 1781இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய போர் இருக்கிறது, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இருக்கிறது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். வரலாறு ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

இதில் இன்னொரு விஷயம். உள்ளூர்க் கேள்வி அந்த ஊர் அணிக்கு நேர்க்கேள்வியாக விழக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட்டாலும் அதைக் கவனித்து மாற்றுங்கள். சிதம்பரத்துக் கேள்வி நெய்வேலிக்கு, நெய்வேலிக் கேள்வி கடலூருக்கு.

சமயத்துக்குக் கொடுத்த இரண்டில்தான் அதிகக் கவனம் தேவை. நம் மாவட்டத்தில் சைவக் கேள்வி எழுதுவது கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியது. அப்பர் பிறந்த திருவாமூர், திருவதிகை, தில்லை என்று கை தானாக எழுதும். வள்ளலார் வடலூரில் 1867இல் தொடங்கிய தருமச்சாலையும் 1872இல் அமைத்த சத்திய ஞானசபையும் சமயமா தத்துவமா என்று குழுவில் விவாதமே நடக்கும். இரண்டும் ஒரே பக்கம் போகாமல், ஒன்றைச் சீறாப்புராணத்துக்கோ தேம்பாவணிக்கோ மணிமேகலையின் பௌத்தத்துக்கோ கொடுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் சமணம் செழித்திருந்த காலத்தைக் கேட்டால் அப்பரின் முற்பகுதியும் அதற்குள் வந்துவிடும். நடுநிலைக்காக ஒப்புக்குச் சேர்த்தது போல் தெரியக் கூடாது. கேள்வியின் தரம் மற்றவற்றுக்குச் சமமாக இருந்தால் அப்படித் தெரியாது.

இவ்வளவு செய்த பிறகும் பங்கீடு மேடையில் கவிழ்ந்துவிடலாம். காரணம் கடினம். வரலாற்றின் ஆறு கேள்வியும் எல்லா அணிக்கும் தெரிந்தவை, கணிதத்தின் மூன்றும் எவருக்கும் தெரியாதவை என்று வைத்துக்கொள்வோம். தாளில் வரலாறு 6, கணிதம் 3. மேடையில் இரண்டும் பூஜ்யம். எல்லோரும் சொல்லும் கேள்வியும் யாரும் சொல்லாத கேள்வியும் அணிகளுக்கு இடையே வித்தியாசம் உண்டாக்குவதில்லை. யார் முந்துகிறார் என்பதை முடிவு செய்வது, ஆறு அணியில் இரண்டு மூன்றுக்குத் தெரிந்து மற்றவற்றுக்குத் தெரியாத கேள்விகள்தான். அப்படிப்பட்ட கேள்விகள் எல்லாமே பொருளாதாரத்தில் அமைந்துவிட்டால், நீங்கள் நடத்தியது பொருளாதாரப் போட்டி. ‘சார், எங்க பசங்களுக்கு சயின்ஸ் நல்லா வரும், சயின்ஸே வரலையே’ என்று கூட வந்த ஆசிரியர் குறைப்படுவார். எட்டு கேட்டிருக்கிறோமே என்று நீங்கள் தாளைக் காட்டுவீர்கள். இருவர் சொல்வதும் சரிதான்.

ஆகவே ஒவ்வொரு துறைக்குள்ளும் கடினத்தைப் பிரித்து வையுங்கள். எட்டு அறிவியலில் இரண்டு எளிது, நான்கு நடுத்தரம், இரண்டு கடினம். இலக்கியத்திலும் ஏறக்குறைய அதே விகிதம். எது எளிது எது கடினம் என்பதை எழுதியவரே தீர்மானிக்கக் கூடாது, விடை தெரிந்தவனுக்கு எல்லாமே எளிது. போட்டிக்கு வராத வேறொரு பள்ளியின் பத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கேள்வி வெளியே கசியும் என்று பயந்தால் சென்ற ஆண்டு கல்லூரிக்குப் போய்விட்ட பழைய மாணவர்களிடம். மேடையில் நடக்கும்போதும் ஸ்கோர் எழுதுபவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் நேராக வந்ததா, பாஸ் ஆகி எத்தனையாவது அணி சொன்னது, செத்துப்போனதா என்று குறித்துக்கொண்டே வரட்டும். அந்தத் தாள் அடுத்த ஆண்டுப் பங்கீட்டுக்கு எந்தப் புத்தகத்தையும்விட உதவும்.

சுற்றுகளைத் துறைவாரியாகப் பிரிப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ‘இது அறிவியல் சுற்று, அணிக்கு ஒரு கேள்வி.’ கேட்க ஒழுங்காக இருக்கும். முதல் அணிக்கு இயற்பியல் விழும், இரண்டாவதற்குத் தாவரவியல், மூன்றாவதற்குக் கணினி. கணினியில் கெட்டிக்கார அணி தாவரவியலோடு முழித்துக்கொண்டிருக்கும். ஆறு சுற்றிலும் துறைகளைக் கலந்து வைத்து, கேள்வியைக் கேட்பதற்கு முன் துறையைச் சொல்லாமல் விடுவதே மேல். அடுத்தடுத்த இரண்டு கேள்வி ஒரே துறையாக இருக்கக் கூடாது என்று மட்டும் பாருங்கள். ஒரே விடை இரண்டு இடத்தில் வருகிறதா, ஒரு கேள்விக்குள் இன்னொன்றின் விடை ஒளிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பாஸ் ஆகும் திசையும் பங்கீட்டைச் சேர்ந்ததுதான். இலக்கியத்தில் பலவீனமான அணிக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இலக்கியம் இரட்டிப்பாகக் கிடைக்கும். மூன்று சுற்று இடமிருந்து வலம், மூன்று சுற்று வலமிருந்து இடம். நகரத்துப் போட்டிகளில் பவுன்ஸ் என்று, கடைசியாக விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிலிருந்து புதுக் கேள்வியைத் தொடங்குகிறார்கள். அதுவும் நல்ல முறைதான், ஆனால் முதல் முறை வரும் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவே ஒரு சுற்று போய்விடும்.

மொழியும் துறையைச் சாய்க்கும். அறிவியல் கேள்விகளை ஆங்கிலத்தில் மட்டும் திரையில் போட்டால், நீராற்பகுப்பு என்று படித்த அணிக்கு ஹைட்ராலிசிஸ் அந்நியம். தமிழில் மட்டும் போட்டால் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே கதி. இரண்டு சொல்லும் ஸ்லைடில் இருக்கட்டும், எந்த மொழியில் விடை சொன்னாலும் ஏற்கப்படும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

ஒரே நூலை வைத்து நடத்தினாலும் பங்கீடு தேவைப்படும். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையின் வெள்ளிவிழாவை ஒட்டி 2024இல் தமிழக அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் குறள் வினாடி வினா நடத்தியது முதல் ஊர் மன்றங்களிலும் அந்த ஆசை வந்திருக்கிறது. அறத்துப்பால் 38 அதிகாரம், பொருட்பால் 70, காமத்துப்பால் 25. இருபது கேள்வி என்றால் அளவுப்படி 6, 10, 4 என்று வர வேண்டும். நடப்பில் அறத்துப்பாலே பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும், அதிலும் முதல் பத்து அதிகாரம். காமத்துப்பாலைப் பள்ளிப் போட்டியில் கைவிடுவார்கள். வயதைக் கருதி விடுவதென்றால் அறிவிப்பிலேயே ‘முதல் இரண்டு பால் மட்டும்’ என்று போட்டுவிடலாம். 133 அதிகாரத்தையும் படித்து வந்த பிள்ளையின் உழைப்பு வீணாகாது. பொருட்பாலுக்குள்ளும் நட்பு, கல்வி, காலமறிதலோடு நிறுத்தாமல் அரண், படை, உழவு, சூது வரை போங்கள்.

கடைசியாக மாற்றுக் கேள்விகள். எந்தப் போட்டியிலும் ஒரு கேள்வியாவது தகராறில் போகும். விடை இரண்டு என்பார்கள், பாடநூலில் வேறு இருக்கிறது என்பார்கள், ஒலிபெருக்கி கரகரத்தது என்பார்கள். நடுவர் கேள்வியை ரத்து செய்ததும் கையில் கிடைத்த ஏதோ ஒன்றைக் கேட்டால் மொத்தக் கணக்கும் அங்கே குலைந்துவிடும். எட்டுத் துறைக்கும் தலா இரண்டு மாற்றுக் கேள்வி, ஒன்று நடுத்தரம், ஒன்று கடினம், தனித்தனி உறையில் துறைப் பெயர் எழுதி நடுவர் மேசையில் இருக்க வேண்டும். ரத்தானது வேதியியல் என்றால் அறிவியல் உறைதான் பிரிய வேண்டும். சமநிலை வந்தால் கேட்கும் டை-பிரேக்கருக்கு வேறு உறை: ஐந்து கேள்வி, ஐந்தும் வெவ்வேறு துறை, மூன்றை முதலில் சொல்லும் அணிக்கு வெற்றி. ஒரே ஒரு கேள்வியில் கோப்பையை முடிவு செய்வதானால், எந்தத் துறையையும் சேராத எண் மதிப்பீடாக இருக்கட்டும்; இரண்டு அணியும் தாளில் எழுதிக் காட்ட, உண்மைக்கு அருகில் உள்ளவர் வெல்வார். கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து நெல்லிக்குப்பம் ஸ்டேஷனுக்கு ரயில் பாதையில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கத் தோன்றும். அந்த வழியில் தினமும் ரயிலேறி வரும் அணி மேடையில் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேளுங்கள்.